பழைய பிரிட்டிஷ் தங்க, வெள்ளிக் காசுகள்: சேர்ப்பவரும் விற்பவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

காசுக்கு முன்னால் கருவி. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிளாஸ்டிக் தாடை வைத்த வெர்னியர் அளவுகோல். இரும்புத் தாடை காசின் விளிம்பைக் கீறிவிடும். இந்த மூன்றும் இல்லாமல் வாங்கும் ஒவ்வொரு காசும் விற்பவர் சொல்லை நம்பி வாங்குவதுதான்.

பிறகு மூன்று வழி உண்டு. முதலாவது, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சவரன் என்ற தங்கக் காசு (1911 முதல் 1932 வரை). தங்க விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் தங்கம் கையில் இருக்கும். இரண்டாவது, விக்டோரியா காலத்து வெள்ளி ஷில்லிங்குகள். போடும் பணம் குறைவு, வகைகள் ஏராளம், தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மூன்றாவது, முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னி. 1279இல் தொடங்கிய நாணயச் சீர்திருத்தத்தில் அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அடித்ததால், எழுநூறு ஆண்டு கடந்தும் சாதாரண சம்பளக்காரர் வாங்கும் விலையில் இருக்கிறது.

நினைவு வெளியீடு என்று அலங்காரப் பெட்டியில் வைத்து விளம்பரம் செய்து விற்பவற்றை விட்டுவிடுங்கள். பெட்டிக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது.

சவரனின் சரியான எடையும் அளவும் என்ன? நகைக்கடைச் சவரனும் இதுவும் ஒன்றா?

1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1817இல் வெளிவந்த சவரனின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ., தடிமன் சுமார் 1.52 மி.மீ. இருபத்திரண்டு காரட். அதாவது பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. உள்ளே இருக்கும் தூய தங்கம் 7.322 கிராம். அரைச் சவரன் 3.994 கிராம், 19.3 மி.மீ., தூய தங்கம் 3.661 கிராம்.

நகைக்கடையில் ஒரு சவரன் என்றால் முழுதாக 8 கிராம். காசு அதைவிட ஒரு குன்றிமணி அளவுகூட இல்லாத 0.012 கிராம் குறைவு. அன்றாடப் பேச்சுக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குப் போடும்போது மட்டும் 7.322 என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

புழக்கத்தில் தேய்ந்த சவரனுக்கு அந்தக் காலத்திலேயே கீழ் எல்லை ஒன்று வகுத்திருந்தார்கள்: 7.938 கிராம். அதற்குக் கீழே போனால் வங்கி அதைச் சவரனாக ஏற்க வேண்டியதில்லை. இன்று உங்கள் தராசு 7.90 காட்டினால் ஒன்று மிகவும் தேய்ந்த காசு, அல்லது நகையில் இருந்து கழற்றி அரம் போட்ட காசு, அல்லது போலி.

எந்த நாணயசாலையில் அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே சவரனை லண்டனோடு ஆறு கிளைகளில் அடித்தார்கள். லண்டன் காசுக்கு அடையாள எழுத்து இல்லை. சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி, கனடாவின் ஒட்டாவாவுக்கு சி, பம்பாய்க்கு ஐ, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு எஸ்ஏ.

எழுத்தைத் தேடும் இடம் காசின் வகையைப் பொறுத்து மாறும். புனித ஜார்ஜ் குதிரை மேல் இருந்து அசுரப்பாம்பை வெட்டும் படம் உள்ள காசில், பெரும்பாலும் குதிரைக் குளம்புகளுக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே உள்ள தரைக்கோட்டின் நடுவில் மிகச் சிறிதாக இருக்கும். கேடயம் பொறித்த வகையில் கேடயத்தைச் சுற்றிய மாலைக்கு அடியில். 1871க்கும் 1887க்கும் இடையே அடித்த, இளம் விக்டோரியா தலையும் புனித ஜார்ஜும் உள்ள ஆஸ்திரேலியக் காசில் பின்பக்கம் தேடினால் கிடைக்காது. அரசியின் கழுத்துக்குக் கீழே பாருங்கள். பலர் இந்த ஒரு வகையை லண்டன் காசு என்று எழுதி விற்றுவிடுகிறார்கள்.

சிட்னியின் முதல் சவரன்கள் (1855 முதல் 1870 வரை) முழுக்கத் தனி அச்சு. பின்பக்கத்தில் சிட்னி மின்ட், ஆஸ்திரேலியா என்றே எழுதியிருக்கும். தொடக்க ஆண்டுகளில் செம்புக்குப் பதில் வெள்ளி கலந்ததால் நிறம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். நிறத்தைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எந்தெந்தச் சவரன்களுக்குத் தங்க விலையைத் தாண்டிக் கிடைக்கும்?

பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். 1887க்குப் பிறகான சவரன்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, வங்கிகளின் பெட்டகத்தில் பைபையாகக் கிடந்து, நல்ல நிலையிலேயே இன்று சந்தையில் இருக்கின்றன.

விதிவிலக்குகளை மனப்பாடம் செய்துகொள்வது லாபம். 1819ஆம் ஆண்டு அடித்தது 3,574 மட்டுமே, பார்ப்பதே அரிது. 1841 லண்டன் அடுத்த நிலை அரிது. 1859இல் ஆன்செல் சவரன் என்று ஒரு வகை உண்டு. நொறுங்கும் தன்மையுள்ள தங்கத்தை வைத்து அடித்த அந்தக் காசில், அரசியின் கூந்தல் நாடாவில் கூடுதலாக ஒரு கோடு இருக்கும். அதே ஆண்டின் சாதாரணக் காசில் இருக்காது. 1863 முதல் 1874 வரையான லண்டன் கேடயச் சவரன்களில் மாலைக்குக் கீழே அச்சு எண் ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். 1863ஆம் ஆண்டுக் காசில் எண் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு; எண் எண்ணாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

1917 லண்டன் தனிக் கதை. பத்து லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், ஆனால் முதல் உலகப் போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டதால் மிஞ்சியது சொற்பம். அதனாலேயே போலி செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த ஆண்டு இது. எழுத்தில்லாத 1917 சவரன் மலிவாக வந்தால் சந்தேகத்தோடு கையில் எடுங்கள். அதே ஆண்டின் ஆஸ்திரேலியக் காசுகள் சாதாரணமானவை.

1925 லண்டன் காசுக்கு வேறொரு விநோதம். அதே அச்சை வைத்து 1949க்கும் 1952க்கும் இடையில் மறுபடி அடித்தார்கள். எனவே ஆண்டு எண் பழையதாக இருந்தாலும் அரிதில்லை.

பம்பாயின் ஐ எழுத்துக் காசு 1918 என்ற ஒரே ஆண்டில்தான் உண்டு, சுமார் 13 லட்சம். அதே ஆண்டு, அதே எடையில், 15 ரூபாய் என்று மதிப்புப் பொறித்த தங்க மோகரையும் பம்பாய் அடித்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சவரனை 15 ரூபாயாக இந்தியாவில் செல்லுபடியாக்கியிருந்ததன் தொடர்ச்சி அது. மோகருக்குச் சவரனைவிட நல்ல விலை உண்டு.

போலிச் சவரனைக் கண்டுபிடிப்பது எப்படி?

போலி இரண்டு ரகம். ஒன்று, தங்கமே இல்லாதது. இரண்டு, சரியான தங்கத்தில் செய்த போலி. முதல் ரகத்தைத் தராசு பிடித்துவிடும். இரண்டாவதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

முதல் ரகம்: தங்கம் அடர்த்தி மிகுந்த உலோகம். விட்டமும் தடிமனும் சரியாக வைத்துப் பித்தளையில் செய்தால் எடை பாதியாகும். எடையைச் சரிக்கட்டினால் தடிமன் காட்டிக்கொடுக்கும். ஆகவே மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். காந்தம் முலாம் பூசிய இரும்பை மட்டுமே பிடிக்கும்.

அடுத்தது நீர்ச் சோதனை. தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கோப்பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் இழையில் சவரனைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசின் கன அளவு. செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.6; ஆகவே 0.45 அல்லது 0.46 வர வேண்டும். 0.50ஐத் தொட்டால் தங்கம் குறைவு. காசில் ஒட்டிய காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும். இழையை லேசாக ஆட்டி உதறிவிடுங்கள். இந்தத் தராசில் கடைசி இலக்கமே இரண்டு விழுக்காடு பிழை தரும் என்பதால், கையில் ஐந்து காசு இருந்தால் ஒன்றாகக் கட்டி இறக்குங்கள்: 2.27 வர வேண்டும். டங்ஸ்டன் மட்டும் தங்கத்தின் அடர்த்தியை ஒட்டி வரும், ஆனால் இவ்வளவு மெல்லிய காசில் அதை ஒளித்துவைப்பது சுலபமில்லை.

இரண்டாம் ரகம் 1950களிலும் 60களிலும் பெய்ரூட் போன்ற இடங்களில் பெருமளவு செய்யப்பட்டது. அப்போது சவரனுக்குத் தங்க விலையைவிட அதிக விலை கிடைத்ததால், தங்கத்தை வாங்கிக் காசாக அடித்து விற்பதிலேயே லாபம் இருந்தது. எடை, காரட், அடர்த்தி எல்லாம் தேறிவிடும். இதற்கு லென்ஸ் வேண்டும். குதிரையின் கடிவாளம், பிடரி, ஜார்ஜின் தலைக்கவசம் ஆகியவை சோப்பில் செதுக்கியது போல் மழுங்கியிருக்கும். வெற்றுப் பரப்பில் சின்னச் சின்ன உலோகப் புடைப்புகள் இருக்கும். மூலக் காசை அச்சு எடுக்கும்போது வந்த குறைகள் அவை. விளிம்போரப் பற்கள் ஒரே அகலத்தில் இருக்காது. வடிவமைத்த பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சியின் பி.பி. முதலெழுத்து, ஆண்டு எண்ணின் வலப்பக்கத்தில், மங்கியோ உருமாறியோ நிற்கும். அடுத்து ஆண்டையும் நாணயசாலையையும் பொருத்திப் பாருங்கள். பம்பாய் எழுத்தோடு 1917 என்று இருந்தால் அப்படியொரு காசே கிடையாது.

நல்ல சவரன் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே எல்லாவற்றிலும் பலமான சோதனை. ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள இரண்டு காசு கிடைத்தால் குறைந்தது ஒன்றாவது போலி.

பாட்டி வீட்டில் 1887ஆம் ஆண்டு அரைச் சவரன் இருக்கிறது. எடை குறைகிறதே?

எடை 2.83 கிராம் என்றால் அது முலாம் பூசிய ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு. விக்டோரியாவின் பொன்விழா ஆண்டில் வந்த ஆறு பென்ஸின் பின்பக்கக் கேடயம் அரைச் சவரனை அப்படியே ஒத்திருந்தது. அளவும் ஏறத்தாழ அதே. காசில் மதிப்பை எழுதவும் இல்லை. தங்க முலாம் பூசி ஏமாற்றத் தொடங்கியதும் அதைத் திரும்பப் பெற்று, சிக்ஸ் பென்ஸ் என்று எழுதிய காசை அதே ஆண்டில் வெளியிட்டார்கள். முலாம் பூசியதற்குச் சேர்ப்போரிடம் மதிப்பு குறைவு, ஆனால் கதையாகச் சொல்ல நல்ல காசு.

கினி என்றால் என்ன? மலிவாகக் கிடைக்கும் கினி தங்கமா?

சவரனுக்கு முந்தைய தங்கக் காசு. 1663இல் இரண்டாம் சார்ல்ஸ் காலத்தில் தொடங்கி 1814இல் முடிந்தது. சுமார் 8.35 கிராம், 22 காரட். விலை ஏறி இறங்கி, 1717இல் 21 ஷில்லிங் என்று நிலைத்தது.

அரசர் தலைக்குக் கீழே இருக்கும் குறிகள் தங்கம் வந்த வழியைச் சொல்லும். யானை, அல்லது யானையும் கோட்டையும் இருந்தால் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி கொண்டுவந்த தங்கம். விகோ என்று எழுதியிருந்தால் 1702இல் ஸ்பெயின் நாட்டு விகோ விரிகுடாவில் பிடிபட்ட புதையல். இரண்டாம் ஜார்ஜின் சில காசுகளில் வரும் ஈ.ஐ.சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்கம். ஒவ்வொரு குறிக்கும் தனி விலை.

மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பித்தளை வில்லை. 1787 முதல் 1799 வரை அடித்த, மண்வெட்டி வடிவக் கேடயம் உள்ள கினியைப் பார்த்து, விக்டோரியா காலத்தில் சீட்டாட்டக் கணக்குக்காக இவற்றை லட்சக்கணக்கில் செய்தார்கள். ஓரத்தில் பழைய நல்ல காலத்தின் நினைவாக என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஓடும். உண்மைக் கினியில் லத்தீன் மட்டுமே. எடை பார்த்தாலே போதும்.

வெள்ளிக் காசில் எவ்வளவு வெள்ளி?

ஆண்டைப் பாருங்கள். 1919 வரை 92.5 விழுக்காடு. 1920 முதல் 1946 வரை 50 விழுக்காடு. 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பு நிக்கல் கலவை. பெரிய வியாழனன்று அரசர் முதியோருக்கு வழங்கும் மாண்டிக் காசுகள் மட்டும் 1947இல் மறுபடி 92.5க்குத் திரும்பின.

1816 முதல் 1946 வரை எடை மாறவில்லை: கிரவுன் (ஐந்து ஷில்லிங்) 28.28 கிராம், அரைக் கிரவுன் 14.14, ஃபுளோரின் (இரண்டு ஷில்லிங்) 11.31, ஷில்லிங் 5.66, ஆறு பென்ஸ் 2.83, மூன்று பென்ஸ் 1.41. மதிப்பு பாதியானால் எடையும் பாதி. இதனால் கலந்து கட்டிய குவியலையும் எண்ணாமல் நிறுத்தே கணக்கிடலாம். ஒரு பவுண்டு முகமதிப்புள்ள (இருபது ஷில்லிங்) 1919 வரையான காசில் சுமார் 104.6 கிராம் தூய வெள்ளி. 1920 முதல் 1946 வரையானதில் 56.5 கிராம். இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்றால் வாங்குபவர் முழுவதையும் ஐம்பது விழுக்காடாகத்தான் கணக்கிடுவார். பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

1920களின் காசுகளில் மேடான இடங்கள் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிவது போலிக்கு அடையாளம் இல்லை. வெண்மையாக்கிய மேல்பூச்சு தேய்ந்து உள்கலவை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கிரவுன் கிடைத்தால் விளிம்பைப் படியுங்கள். 1893 முதல் 1900 வரையான விக்டோரியா கிரவுனின் விளிம்பில் ஆட்சியாண்டு 56 முதல் 64 வரை ரோமன் எண்ணில் இருக்கும். ஆட்சியாண்டு ஜூன் 20இல் மாறுவதால் ஒரே நாட்காட்டி ஆண்டுக் காசில் இரண்டு விளிம்பு உண்டு. இரண்டில் ஒன்று அரிதாக இருக்கும். 1847ஆம் ஆண்டின் கோதிக் கிரவுன் (வில்லியம் வயன் வடிவமைத்தது, 8,000 அடித்தது) பலரும் அடைய ஆசைப்படும் காசு. போலியும் அதற்கேற்ப அதிகம்.

சுத்தியலால் அடித்த பழங்காசை எப்படி அடையாளம் காண்பது?

1660களுக்கு முன் பெரும்பாலான ஆங்கிலக் காசுகள் கையால் அடித்தவை. வட்டம் ஒழுங்காக இருக்காது, எழுத்து பாதி வெளியே போயிருக்கும். இதில் பெயரை நம்பி ஏமாறுவது சுலபம். 1180 முதல் 1247 வரை அடித்த குறுஞ்சிலுவைப் பென்னிகள் எல்லாவற்றிலும் ஹென்ரிகஸ் (ஹென்றி என்பதன் லத்தீன் வடிவம்) என்றே இருக்கும். ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்தில் அடித்தவற்றிலும் அதே பெயர்தான். எழுத்தின் வடிவம், தாடிச் சுருள், அடித்தவர் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் அரசரை முடிவு செய்ய வேண்டும். பாதியாகவும் காலாகவும் வெட்டப்பட்ட துண்டுகள் உடைந்தவை இல்லை. சில்லறைக்காக அன்றே வெட்டியவை, சேகரிப்பில் அவற்றுக்கும் இடம் உண்டு.

1247இல் நெடுஞ்சிலுவை வந்தது: சிலுவையின் நான்கு கைகளும் விளிம்பைத் தொடும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கும் ஏற்பாடு. 1279க்குப் பின் எட்வர்ட் பென்னிகளில் அடித்தவர் பெயர் போய் ஊர் மட்டும் நின்றது. லண்டனும் கேன்டர்பரியும் சாதாரணம். சிறிய ஊர்களின் பெயர் வந்தால் கவனம் கொடுங்கள்.

எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளியில் செம்பைக் கலந்து தள்ளினார். அவர் முகத்தின் மேடான மூக்கு தேய்ந்து செம்பு தெரிய, செம்புமூக்கன் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். முதலாம் எலிசபெத் தரத்தை மீட்டார். அவர் காசுகளில் ஒரு எளிய விதி: 1561 முதல் ஆறு பென்ஸ், மூன்று பென்ஸ், ஒன்றரைப் பென்ஸ், முக்கால் பென்ஸ் ஆகியவற்றில் தலைக்குப் பின்னால் ரோஜாவும், பின்பக்கத்தில் ஆண்டும் இருக்கும். மற்ற மதிப்புகளில் ரோஜா கிடையாது. ஓரம் சுரண்டிய காசில் இந்த ரோஜாதான் மதிப்பைச் சொல்லும்.

1696இல் மூன்றாம் வில்லியம் ஓரம் சுரண்டிய பழங்காசுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அடித்தார்; ஐசக் நியூட்டன் ராயல் மின்ட்டின் (அரசு நாணயசாலை) வார்டனாகப் பொறுப்பேற்றது அதே ஆண்டு. லண்டன் மட்டும் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்சிட்டர், நார்விச், யார்க் ஆகிய ஊர்களிலும் தற்காலிகப் பட்டறை நடந்தது. அரசர் தலைக்குக் கீழே ஊரின் முதலெழுத்து இருக்கும்.

அருங்காட்சியகக் கடைகளில் பிள்ளைகளுக்கு விற்ற ஈயப் பிரதிகள் ஐம்பதாண்டு அழுக்கேறிப் பழங்காசு வேடத்தில் திரிகின்றன. டபிள்யூ.ஆர்.எல். (பிரதி செய்த நிறுவனத்தின் முதலெழுத்துகள்) அல்லது காப்பி என்ற பொடி எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். உள்நாட்டுப் போரின்போது நியூவார்க் கோட்டையில் அடித்த சாய்சதுரக் காசுகளில் (1645, 1646) பிரதிகள் மிக அதிகம்.

கறுத்துவிட்டது. துலக்கலாமா?

வேண்டாம். திருநீறு, பற்பசை, புளி, எலுமிச்சை, அலுமினியத் தாளும் சோடாவும், கடையில் விற்கும் வெள்ளித் திரவம் எதுவுமே வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லதெல்லாம் காசுக்கு எதிரி.

காரணம் இது. அச்சு விழும்போது உலோகம் மையத்திலிருந்து வெளியே ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்கிறது. காசைச் சாய்த்தால் சக்கரம் போலச் சுழலும் பளபளப்பு இந்த வரிகளிலிருந்து வருவது. தேய்த்தால் வரிகள் மழுங்கும், அமிலத் திரவம் அவற்றை அரித்துவிடும். மிஞ்சுவது தட்டையான, ஒரே திசைக் கீறல்கள் உள்ள மினுக்கம். அனுபவசாலி இரண்டு விநாடியில் கண்டுபிடித்து விலையைப் பாதியாகக் குறைப்பார். கறுப்பை மறுபடி பெறலாம், வரிகளைப் பெற முடியாது.

ஒரே விதிவிலக்கு, பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பச்சைப் பிசின். அது காசை அரிக்கும், எடுத்தே ஆக வேண்டும். கலப்பில்லாத அசிட்டோனைக் (நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது, அதில் எண்ணெய் கலந்திருக்கும்) கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைப் பத்து நிமிடம் மூழ்க வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

காசுமாலையிலிருந்து கழற்றிய சவரனுக்கு என்ன மதிப்பு?

தங்க விலைதான். பற்றவைத்த இடம் விளிம்பின் உச்சியில், தலைக்கு நேர் மேலே, வெளிறிய திட்டாகவோ அரத்தின் கோடாகவோ தெரியும். அங்கே விளிம்பு வரிகள் அழிந்திருக்கும். எடை 8 கிராமைத் தாண்டினால் பற்றாசு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அரிய ஆண்டாக இருந்தால் மட்டும் அதற்கு மேல் ஏதேனும் கிடைக்கும். கொக்கியை நீங்களே எடுக்க வேண்டாம்; சூடுபட்டால் பரப்பும் போய்விடும். இருந்தபடியே காட்டுங்கள்.

தரம் எப்படிச் சொல்கிறார்கள்?

பிரிட்டனில் ஃபேர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று ஏறுவரிசை. ஃபைன் என்றால் நன்றாகத் தேய்ந்த காசு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் போட்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிரிட்டிஷ் கணக்கு கண்டிப்பானது.

தேய்மானம் முதலில் விழுவது மேடான இடத்தில். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் மீசையும் காதும், முதிய விக்டோரியா என்றால் நெற்றிக்கு மேல் முக்காடு, பின்பக்கத்தில் ஜார்ஜின் தலைக்கவசமும் குதிரையின் தொடையும். மேடு முழுதாக இருந்தும் எங்கும் சிறு வெட்டுகள் இருந்தால் அவை பைக் காயங்கள். வங்கிப் பைகளில் காசோடு காசு மோதியவை. தேய்மானமும் பைக் காயமும் வேறு வேறு. விலையிலும் வேறு.

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். பெட்டியில் அடைக்க வேண்டுமா?

தங்க விலைக்காசுக்கு வேண்டாம், கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். 1841, 1917 லண்டன், கோதிக் கிரவுன் போன்றவற்றுக்கு வேண்டும். வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டிக்கும் போலி உண்டு.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

விளிம்பைப் பிடித்து எடுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்து. மென்மையான பி.வி.சி. உறை வேண்டாம், மைலார் உறையோ கெட்டியான அக்ரிலிக் குப்பியோ போதும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுப்பாக்கும். ஓக் மரப் பெட்டியின் அமில ஆவியும் உலோகத்துக்கு ஆகாது, மகாகனி நல்லது. கடற்கரை ஊர்களில் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

எங்கே விற்றால் அதிகம் கிடைக்கும்?

காசைப் பொறுத்தது. கணக்கோடு பார்ப்போம். தூய தங்கம் கிராம் 80 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சவரனின் உருக்கு மதிப்பு 7.322 பெருக்கல் 80, அதாவது சுமார் 586 பவுண்டு. தங்க வணிகர் 97 விழுக்காடு கொடுத்தால் கையில் 568.

அதே சாதாரணக் காசை ஏலத்துக்குக் கொடுத்தால்? வாங்குபவர் மொத்தம் 620 தரத் தயார், ஆனால் ஏல நிறுவனத்துக்கு அவர் கட்டும் கட்டணம் வரியோடு 24 விழுக்காடு என்றால் 500லேயே கையை இறக்கிவிடுவார். அதிலிருந்து உங்களிடம் 15 விழுக்காடு கமிஷன், அதன்மேல் வரி, ஆக 90 பிடிப்பார்கள். மிஞ்சுவது 410. வாங்குபவர் கட்டும் கட்டணமும் உண்மையில் உங்கள் பையிலிருந்தே போகிறது. சாதாரணச் சவரனை ஏலத்துக்கு அனுப்பாதீர்கள்.

அரிய காசில் கணக்கு தலைகீழ். இரண்டு பேர் விடாமல் போட்டி போட்டால் எந்த வணிகரும் மேசையில் வைக்காத விலை வரும். ஸ்பிங்க், நூனன்ஸ் போன்ற லண்டன் ஏல நிறுவனங்கள் படம் பார்த்து இலவசமாக மதிப்புச் சொல்வதுண்டு. கமிஷனைப் பேசிக் குறைக்கலாம். படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணமா, விற்காமல் போனால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கீழ்விலை வரம்பு வைக்காமல் கொடுக்காதீர்கள்.

நடுத்தரக் காசுகளுக்கு நாணய வணிகர்தான் சரி. பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கத்தின் உறுப்பினரா என்று பார்த்து, இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். சேகரிப்பை மொத்தமாக விற்றால் நல்ல காசுகளின் விலையில் மற்றவை அடித்துச் செல்லப்படும். அரியவற்றை முதலில் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள்.

பிரிட்டனில் விற்றால் வரி உண்டா?

1837ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் அடித்த சவரன்கள் இன்றும் சட்டப்படி செல்லும் பணம் என்பதால், பிரிட்டனில் வசிப்பவருக்கு அவற்றின் லாபத்தில் மூலதன ஆதாய வரி இல்லை. கினி போன்ற பழங்காசுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரு பொருள் 6,000 பவுண்டுக்குள் விற்றால் பொதுவாக வரி வராது. வாங்கும்போது முதலீட்டுத் தங்கமாகக் கருதப்படும் காசுகளுக்கு வாட் இல்லை. வெள்ளிக்கு உண்டு.

வயலில் கிடைத்த காசை விற்கலாமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். 300 ஆண்டு தாண்டிய தங்க, வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் கிடைத்தால், 14 நாளுக்குள் கரோனரிடம் (புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். உள்ளூர்க் கண்டெடுப்பு அலுவலர் மூலம் செய்வது வழக்கம். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கருவி வைத்துத் தேடி எடுத்துச் செல்வது திருட்டு. வாங்குபவரும் எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

இந்தியாவில் வீட்டில் இருக்கும் சவரனை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. பயணப் பெட்டியில் வைத்தாலும் சட்டம் அதேதான்.

உள்நாட்டில் விற்கும் முன் ஐ எழுத்தும், 1918ஆம் ஆண்டும், 15 ரூபாய் வாசகமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகைக்கடைக்குப் போகாமல் நாணய வணிகரிடம் போங்கள். சாதாரணக் காசு என்றால் நகைக்கடையே போதும். உரைகல்லில் தேய்க்கவோ ஓரத்தை வெட்டவோ விடாதீர்கள். காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 91.6ஐ ஒட்டி வரும். காசில் ஹால்மார்க் இல்லை என்று கழிக்கப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பிரிட்டனுக்குள் தபாலில் அனுப்பலாமா?

ராயல் மெயிலின் ஸ்பெஷல் டெலிவரியில் அனுப்பலாம். ஈட்டுத்தொகை உச்சவரம்பு 2,500 பவுண்டு. அதைத் தாண்டினால் பிரித்து அனுப்புங்கள் அல்லது நேரில் கொடுங்கள். காசு உள்ளே குலுங்கக் கூடாது, உறையின் மேல் நாணயம் என்ற சொல்லே வரக் கூடாது. மூடுவதற்கு முன் இரு பக்கமும், விளிம்பும், தராசு எண்ணோடு சேர்த்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய காசும் திரும்பி வந்த காசும் ஒன்றுதானா என்று வாக்குவாதம் வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.